முதலில் ஃபைல்கள், பிறகு கம்ப்யூட்டர்



கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பம் வாங்கும் நாட்களில் நமது அறக்கட்டளை அலுவலகத்தில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "மார்க் ஷீட், வருமானச் சான்றிதழ் எல்லாம் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் வைத்திருந்தோம். இப்போது கம்ப்யூட்டர் ஓப்பன் ஆகவில்லை. எல்லாம் போய்விட்டது."

சான்றிதழை மறுபடியும் ஸ்கேன் செய்துகொள்ளலாம். ஆனால் அதே கம்ப்யூட்டரில்தான் மவுத்தாகிவிட்ட உம்மாவின் கடைசிப் பெருநாள் போட்டோ இருக்கிறது. மகளின் நிக்காஹ் வீடியோ இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வாப்பா பேசி அனுப்பிய குரல் பதிவுகள் இருக்கின்றன. கடையின் பல வருடக் கணக்கு இருக்கிறது. இவற்றை இரண்டாம் முறை உண்டாக்க யாராலும் முடியாது.

இந்தப் பாடத்தில் நாம் சொல்ல வருவது ஒன்றுதான். கம்ப்யூட்டர் ஓப்பன் ஆகவில்லை என்பது வேறு. ஃபைல்கள் அழிந்துவிட்டன என்பது வேறு. பல நேரங்களில் ஃபைல்கள் உள்ளே அப்படியே இருக்கும். அதற்குப் பிறகு அவசரத்தில் செய்யும் வேலைதான் அவற்றை அழிக்கிறது. எனவே வரிசையை மாற்றிக்கொள்வோம். முதலில் ஃபைல்களை வெளியே எடுக்க வேண்டும். அதன் பிறகே ரிப்பேர்.

பூட்டு கெட்டால் பீரோ காலியாவதில்லை

வீட்டு வாசல் பூட்டு கெட்டுப்போனால் உள்ளே பீரோவில் இருக்கும் நகை காணாமல் போவதில்லை. கம்ப்யூட்டரும் அப்படித்தான். விண்டோஸ் என்பது வாசல். நமது போட்டோவும் கடிதங்களும் ஹார்ட் டிஸ்க் என்னும் பீரோவில் இருக்கின்றன. மின்சாரம் திடீரென நின்றது, அப்டேட் பாதியில் முறிந்தது, வைரஸ் புகுந்தது என்று ஏதோ ஒரு காரணத்தால் விண்டோஸ் கெட்டுப்போகலாம். அப்போதும் பீரோ பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். வேறு வாசல் வழியாக உள்ளே போய்ப் பொருளை எடுத்துவிடலாம்.

ஃபார்மட் செய்வது என்றால் பூட்டைச் சரிசெய்வதற்காக வீட்டையே இடித்துக் கட்டுவது. கம்ப்யூட்டர் புதிதுபோல ஓடும். உள்ளே இருந்தது போய்விடும்.

முதலில் அறிகுறியைப் பாருங்கள்

எதையும் தொடுவதற்கு முன் ஐந்து நிமிடம் கவனியுங்கள். நான்கு வகையான அறிகுறிகள் உண்டு.

1. பட்டனை அழுத்தினால் விளக்கே எரியவில்லை, ஃபேன் ஓடவில்லை: இது பெரும்பாலும் சார்ஜர், பவர் சப்ளை அல்லது மதர்போர்டு பழுது. ஹார்ட் டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

2. விளக்கு எரிகிறது, ஃபேன் ஓடுகிறது, திரை மட்டும் கறுப்பாக இருக்கிறது: மானிட்டர் வயர், ரேம் அல்லது திரையின் பழுதாக இருக்கலாம். இதிலும் ஃபைல்களுக்கு ஆபத்து குறைவு.

3. விண்டோஸ் சின்னம் வருகிறது. பிறகு நீலத்திரை வருகிறது, அல்லது திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிறது: இது பெரும்பாலும் விண்டோஸின் கோளாறு. நாமே ஃபைல்களை எடுக்க நல்ல வாய்ப்புள்ள நிலை இதுதான்.

4. 'டக் டக்' என்று ஒரே சீராகத் தட்டும் ஓசை அல்லது உரசும் ஓசை ஹார்ட் டிஸ்க்கிலிருந்து வருகிறது: உடனே நிறுத்திவிடுங்கள். மறுபடியும் ஆன் செய்து பார்க்காதீர்கள். உள்ளே சுழலும் தட்டுக்கு மிக அருகில் நகரும் படிப்பு முனை பழுதாகியிருக்கலாம். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தட்டு மேலும் கீறுபடக்கூடும். இது வீட்டில் செய்யும் வேலை அல்ல. டேட்டா மீட்பதையே தொழிலாகச் செய்யும் ஆய்வகத்திடம் கொடுக்க வேண்டும். டிஸ்க்கின் மூடியைத் திறப்பது, ஃபிரிட்ஜில் வைப்பது போன்ற கைவைத்தியம் வேண்டாம். தூசி புகாத அறையில் மட்டுமே அதைத் திறக்கலாம்.

நான்காவது அறிகுறி இல்லையென்றால் எளிய சோதனைகளைச் செய்யுங்கள். செருகியிருக்கும் பென் டிரைவ், மெமரி கார்டு, பிரிண்டர் வயர் எல்லாவற்றையும் கழற்றுங்கள். மறந்துபோய் செருகிவிட்ட பென் டிரைவிலிருந்து கம்ப்யூட்டர் ஓப்பன் ஆக முயன்று நின்றுபோவது உண்டு. லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, பிறகு சார்ஜர் போட்டு ஆன் செய்யுங்கள். பழைய டெஸ்க்டாப்பில் தேதி தவறாகக் காட்டினால், மதர்போர்டில் உள்ள காசு வடிவ பேட்டரி தீர்ந்திருக்கும். அதை மாற்றினாலே சில கம்ப்யூட்டர்கள் ஓப்பன் ஆகிவிடும்.

எந்த நிலையிலும் செய்யக்கூடாதவை

• 'ஃபார்மட்' அல்லது 'ரிமூவ் எவ்ரிதிங்' என்று திரை கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 'ரீசெட்' பகுதியில் 'கீப் மை ஃபைல்ஸ்' என்றொரு வழி உண்டு. அதுவும் நிறுவியிருந்த மென்பொருள்களை நீக்கிவிடும். ஃபைல்களை வெளியே எடுத்த பிறகே அதைத் தொடுங்கள்.

• டிஸ்க் பழுதோ என்ற சந்தேகம் இருக்கும்போது 'செக் டிஸ்க்' ஓட்டாதீர்கள். அது டிஸ்க்கில் மாற்றம் செய்யும் கருவி. நலிந்த டிஸ்க்கை அது மேலும் நலியவைக்கலாம்.

• மீட்பு மென்பொருளை அதே டிஸ்க்கில் நிறுவாதீர்கள். மீட்டதையும் அதே டிஸ்க்கில் சேமிக்காதீர்கள். எழுதிய இடத்தின் மேல் இன்னொன்று எழுதிவிட்டால் முன்னது திரும்பி வராது.

• இணையத்தில் தேடிக் கிடைத்த 'ஹெல்ப்லைன்' எண்ணை அழைத்து, முன்பின் தெரியாதவரிடம் கம்ப்யூட்டரைத் தொலைவிலிருந்து இயக்க அனுமதி கொடுக்காதீர்கள். அப்படிக் கொடுத்து வங்கிப் பணத்தை இழந்தவர்கள் ஏராளம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள்.

ஃபைல்களை எடுக்கும் நான்கு வழிகள்

இதற்கு முன் ஒன்று. போனை எடுத்து கூகுள் போட்டோஸ், கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் ஆகியவற்றைத் திறந்து பாருங்கள். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டுப் பிள்ளைகள் நுழைந்திருக்கக்கூடும். டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் நமக்குத் தெரியாமலேயே ஒன்டிரைவில் ஏறியிருக்கக்கூடும். இருந்தால் கவலை பாதி குறையும். இல்லையென்றால் கீழே உள்ள வழிகளை வரிசையாக முயலுங்கள். காலியான பென் டிரைவ் அல்லது வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று கையில் இருக்கட்டும்.

வழி ஒன்று: சேஃப் மோட். விண்டோஸ் சின்னம் தோன்றும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் விண்டோஸ் தானாகவே பழுதுபார்க்கும் திரைக்குப் போகும். அங்கே 'டிரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்', 'ரீஸ்டார்ட்' என்று வரிசையாகப் போய், பட்டியல் வந்ததும் 4 என்ற விசையை அழுத்துங்கள். தேவையானதை மட்டும் ஏற்றிக்கொண்டு விண்டோஸ் ஓப்பன் ஆகும். ஆகிவிட்டால் ரிப்பேரை மறந்துவிட்டு உடனே பென் டிரைவைச் செருகி காப்பி செய்யுங்கள். மறுமுறை ஓப்பன் ஆகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

வழி இரண்டு: நோட்பேட் வழியாக. சேஃப் மோட் வராவிட்டாலும் பழுதுபார்க்கும் திரை வந்தால் போதும். 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' பகுதியில் 'கமாண்ட் பிராம்ப்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கறுப்புத் திரையில் நோட்பேட் என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் அழுத்துங்கள். நோட்பேட் திறக்கும். அதில் 'ஃபைல்', 'ஓப்பன்' என்று போய், கீழே 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றுங்கள். இப்போது அந்தச் சிறு ஜன்னலிலேயே எல்லா டிரைவும் தெரியும். வேண்டிய ஃபோல்டரின் மேல் வலது கிளிக் செய்து 'காப்பி' கொடுத்து, பென் டிரைவுக்குள் போய் 'பேஸ்ட்' கொடுக்கலாம். இரண்டு விஷயங்களை நினைவில் வையுங்கள். இங்கே சி டிரைவ் வேறு எழுத்தில் காட்டப்படலாம். 'யூசர்ஸ்' ஃபோல்டர் எதில் இருக்கிறதோ அதுதான் நமது டிரைவ். காப்பி ஆகும்போது எத்தனை சதவீதம் என்று காட்டாது; ஜன்னல் உறைந்துபோனது போலிருக்கும். பொறுமையாகக் காத்திருங்கள். அணைத்துவிடாதீர்கள்.

வழி மூன்று: லினக்ஸ் பென் டிரைவ். இதுதான் நாம் சொன்ன வேறு வாசல். உபுண்டு, லினக்ஸ் மின்ட் ஆகியவை இலவச இயங்குதளங்கள். உறவினர் வீட்டுக் கம்ப்யூட்டரில் அதை இறக்கி, 'ரூஃபஸ்' என்ற இலவச மென்பொருளால் 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் ஏற்றிக்கொள்ளலாம். ரூஃபஸ் அந்தப் பென் டிரைவில் இருப்பதை அழித்துவிட்டே ஏற்றும். ஆகவே காலியானதைப் பயன்படுத்துங்கள். பழுதான கம்ப்யூட்டரில் அதைச் செருகி ஆன் செய்தவுடன் பூட் மெனு விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவா, ஏசர் ஆகியவற்றில் பெரும்பாலும் எஃப்12; எச்பி-யில் எஃப்9; ஏசஸ் லேப்டாப்பில் எஸ்கேப். பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் லினக்ஸ் ஓடத் தொடங்கும். 'டிரை' என்பதையே தேர்ந்தெடுங்கள். 'இன்ஸ்டால்' என்பதை அழுத்தாதீர்கள். பிறகு ஃபைல்ஸ் ஜன்னலில் நமது டிரைவைத் திறந்து, இன்னொரு பென் டிரைவுக்கோ வெளி டிஸ்க்குக்கோ காப்பி செய்யலாம். 'படிக்க மட்டும்' என்ற நிலையில் டிரைவ் திறந்தால் பயப்பட வேண்டாம். எடுப்பதற்கு அது போதும்.

வழி நான்கு: டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் இணைப்பது. விளக்கே எரியாத கம்ப்யூட்டருக்கு இதுதான் வழி. பழைய லேப்டாப்களிலும், அரசு முன்பு மாணவர்களுக்கு வழங்கிய பழைய விலையில்லா லேப்டாப்களிலும் பெரும்பாலும் இருப்பது 2.5 அங்குல டிஸ்க். 'யு.எஸ்.பி. சாட்டா கேபிள்' ஒன்று வாங்கி அதில் மாட்டினால் வெளி டிஸ்க் போலத் திறக்கும். டெஸ்க்டாப்பின் 3.5 அங்குல டிஸ்க்குக்குத் தனி பவர் அடாப்டருடன் வரும் கேபிள் தேவை. புதிய லேப்டாப்களில் இருக்கும் பட்டையான எம்.2 எஸ்.எஸ்.டி.க்கு வேறு வகைப் பெட்டி தேவை. கடையில் டிஸ்க்கைக் காட்டியே வாங்குங்கள். சில மெல்லிய லேப்டாப்களில் சேமிப்பகம் போர்டோடு ஒட்டியே இருக்கும். அதைக் கழற்ற முடியாது.

இணைத்ததும் 'இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்ய வேண்டும்' என்று கேட்டால் 'கேன்சல்' அழுத்துங்கள். ஃபோல்டரைத் திறக்க 'அனுமதி இல்லை' என்று வந்தால் 'கன்டினியூ' அழுத்துங்கள். சற்று நேரத்தில் திறந்துவிடும்.

48 இலக்கச் சாவி

புதிய விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். பிட்லாக்கர் என்பது இந்தப் பூட்டின் பெயர். டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலும், மதர்போர்டை மாற்றினாலும், 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவி பெரும்பாலும் எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் லேப்டாப்பை முதன்முதலில் ஓப்பன் செய்தோமோ அந்தக் கணக்கில் இருக்கும். போன் வழியாகவே அந்தக் கணக்கில் நுழைந்து பார்க்கலாம். கல்லூரி கொடுத்த மின்னஞ்சலில் கணக்கு தொடங்கியிருந்தால் கல்லூரியில்தான் கேட்க வேண்டும். சாவி இல்லாமல் எந்தக் கடைக்காரராலும் அதைத் திறக்க முடியாது. திறந்து தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரை நம்பாதீர்கள்.

எதை முதலில் எடுப்பது?

திரும்ப உண்டாக்க முடியாததை முதலில் எடுங்கள். போட்டோ, குரல் பதிவு, குடும்ப வீடியோ, கணக்கு, பத்திர நகல் என்று போய், சினிமாவும் மென்பொருளும் கடைசியில் இருக்கட்டும். டிஸ்க் எப்போது நிற்கும் என்று தெரியாத நிலையில் இந்த வரிசைதான் காப்பாற்றும். 'கட்' செய்யாதீர்கள்; 'காப்பி' மட்டும் செய்யுங்கள்.

'யூசர்ஸ்' ஃபோல்டருக்குள் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ் ஆகிய ஐந்தையும் எடுங்கள். டி, இ டிரைவ்களையும் பாருங்கள்.

பலரும் மறந்துவிடும் இரண்டு உண்டு.

ஒன்று, டேலி கணக்கு. டெஸ்க்டாப்பில் இருப்பது டேலியைத் திறக்கும் சின்னம் மட்டுமே. கணக்கு இருப்பது டேலியின் 'டேட்டா' ஃபோல்டருக்குள், எண்களைப் பெயராகக் கொண்ட ஃபோல்டர்களில். அந்த 'டேட்டா' ஃபோல்டரை முழுமையாக எடுக்க வேண்டும்.

இரண்டு, தமிழ் எழுத்துரு. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய கடிதங்களும் ஜமாஅத் பதிவேடுகளும் நிறைய வீடுகளில் உண்டு. ஃபைலை மட்டும் எடுத்துச் சென்று புதிய கம்ப்யூட்டரில் திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகள் அர்த்தமில்லாமல் நிற்கும். ஃபைல் கெட்டுவிட்டது என்று எண்ணி அழித்துவிடாதீர்கள். எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் 'ஃபான்ட்ஸ்' ஃபோல்டரையும் சேர்த்து காப்பி செய்துகொண்டால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது.

எடுத்து முடித்ததும் அந்தப் பென் டிரைவை வேறு கம்ப்யூட்டரில் போட்டு, சில போட்டோக்களையும் கடிதங்களையும் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத காப்பியை காப்பி என்று நம்பக் கூடாது.

கடையில் கொடுக்கும்போது

நமது மஹல்லாவில் ஒரு சகோதரி, ஓப்பன் ஆகாத லேப்டாப்பைக் கடையில் கொடுத்து "சரிசெய்து கொடுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். கடைக்காரர் அவர் கேட்டபடியே சரிசெய்தார். ஃபார்மட் செய்து, புதிய விண்டோஸ் போட்டு, அன்று மாலையே கொடுத்துவிட்டார். லேப்டாப் நன்றாக ஓடியது. வாப்பாவின் போட்டோ ஒன்றுகூட அதில் இல்லை. இதில் கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. என்ன வேண்டும் என்பது அவருக்குச் சொல்லப்படவில்லை.

ஆகவே கடையில் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம்: "எங்களுக்கு டேட்டா வேண்டும். கேட்காமல் ஃபார்மட் செய்யாதீர்கள்." வாயால் சொன்னால் போதாது. ரசீதில் எழுதி வாங்குங்கள். டேட்டா கிடைக்காவிட்டாலும் கட்டணம் உண்டா, உண்டென்றால் எவ்வளவு என்பதையும் முன்பே கேளுங்கள்.

இன்னொன்று, வீட்டுப் பெண்களின் போட்டோ, ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாம் அந்த டிஸ்க்கில் இருக்கின்றன. அவை நம்மிடம் இருக்கும் அமானிதம். திரை, கீபோர்டு, சார்ஜர் பழுதுக்கு டிஸ்க் தேவையில்லை. கழற்ற முடிந்தால் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுக் கொடுங்கள். டேட்டா எடுக்கக் கொடுத்தால் முடிந்தவரை ஒருவர் கூடவே உட்கார்ந்திருங்கள். வேலை முடிந்ததும் கடைக் கம்ப்யூட்டரில் இருக்கும் நகலைக் கண்ணெதிரே அழிக்கச் சொல்லுங்கள். பழைய டிஸ்க்கைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். இப்படிக் கேட்பதில் நல்ல கடைக்காரர் வருத்தப்பட மாட்டார்.

ஏற்கனவே ஃபார்மட் ஆகிவிட்டால்?

அந்தக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்துவதை அந்த நிமிடமே நிறுத்துங்கள். சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் நம்பிக்கை உண்டு. வேகமாகச் செய்யும் ஃபார்மட் பெரும்பாலும் அட்டவணையைத்தான் அழிக்கிறது. மேலே வேறொன்று எழுதப்படும்வரை பழையது கீழே இருக்கும். 'போட்டோரெக்' என்ற இலவச மென்பொருளை வேறு கம்ப்யூட்டரில் ஓட்டி, டிஸ்க்கை அதில் இணைத்துத் தேடலாம். ஃபைல்களின் பெயர் போயிருக்கும், படங்கள் கிடைக்கக்கூடும். எஸ்.எஸ்.டி. என்றால் வாய்ப்பு மிகக் குறைவு. அழித்த இடத்தை அது தானாகவே துடைத்துவிடும் தன்மை கொண்டது.

இனி வராமலிருக்க

முக்கியமானவற்றுக்கு மூன்று நகல் இருக்கட்டும்: ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று வெளி ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று வீட்டுக்கு வெளியே. வெளியே என்றால் கூகுள் டிரைவாக இருக்கலாம். வேறு ஊரில் இருக்கும் மகன் வீட்டில் ஒரு டிஸ்க்காகவும் இருக்கலாம். வெளி டிஸ்க்கைக் காப்பி செய்யும்போது மட்டும் செருகுங்கள். எப்போதும் செருகியே இருந்தால் கம்ப்யூட்டரைத் தாக்கும் வைரஸ் அதையும் சேர்த்துத் தாக்கும்.

இந்த வாரமே மூன்று வேலைகளைச் செய்துவிடுங்கள். லேப்டாப்பின் பிட்லாக்கர் சாவியைக் கணக்கிலிருந்து எடுத்து, ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் எழுதி வையுங்கள். மைக்ரோசாஃப்ட், கூகுள் கணக்குகளின் கடவுச்சொல் வீட்டில் இருவருக்காவது தெரிந்திருக்கட்டும். போட்டோ ஃபோல்டரை ஒரு வெளி டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள்.

நமது அலுவலகத்தில் லினக்ஸ் மின்ட் ஏற்றிய பென் டிரைவ் ஒன்றும், இரு அளவு டிஸ்க்குக்கும் பொருந்தும் சாட்டா கேபிள் ஒன்றும் வைத்திருக்கிறோம். தேவைப்படும் குடும்பத்தினர் அஸர் முதல் மஃரிப் வரை வந்து, பெயர் எழுதிவிட்டு எடுத்துச் செல்லலாம், கட்டணம் இல்லை. இரண்டு நாளில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடுத்த வீட்டுக்கும் அது தேவைப்படும்.